எக்செல்லில் ஒரு தவறு, ஒன்பதரை லட்சம் கேட்கிறார்கள்: கட்டத்தான் வேண்டுமா?

திருப்பூரில் வேலை பார்க்கும் 24 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நிறுவனம், பையர் (சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்), சொந்த ஊர் என்று அடையாளம் தரக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

பி.காம். முடித்து, பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடமாக ஜூனியர் மெர்ச்சண்டைசராக (பையரின் ஆர்டரைக் கவனித்து முடித்துக் கொடுக்கும் வேலை) இருக்கிறார். சம்பளம் 22,000 ரூபாய். ஐரோப்பிய பையர் ஒருவருக்கு 486 கார்ட்டன் டி-சர்ட் போக வேண்டியிருந்தது. டையிங்கில் (சாயமேற்றுவதில்) இழுத்ததால் ஆர்டர் ஏற்கெனவே எட்டு நாள் தாமதம். தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, பேக்கிங் லிஸ்ட்டை சைஸ் வாரியாக அடுக்கித் தரச் சொன்னார்கள். இவர் எக்செல்லில் சைஸ் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை) கொடுத்தார். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று எக்செல் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிக் கேட்டது. அவசரத்தில் 'இப்போது தேர்ந்தெடுத்ததை மட்டும்' என்பதை அழுத்திவிட்டார். சைஸ் எல்லாம் இடம் மாறின, பக்கத்திலிருந்த பார்கோடு எண்கள் அசையாமல் நின்றன. அந்த ஷீட்டை வைத்துத்தான் பாலிபேக் ஸ்டிக்கர் அச்சடித்தார்கள். பேக்கிங் பிரிவில் ஸ்கேனர் பழுதாகி மூன்று வாரம் ஆகியிருந்ததால் யாரும் ஸ்கேன் செய்து பார்க்கவில்லை. பையரின் கிடங்கில் எம் சைஸ் சட்டை எக்ஸ்.எல். என்று காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது.

பையர் அனுப்பிய டெபிட் நோட்டில் (தர வேண்டிய பணத்தில் இவ்வளவு கழிக்கிறேன் என்று அனுப்பும் சீட்டு) மூன்று வரிகள். 11,664 பீஸ்களுக்கு மறுபடி ஸ்டிக்கர் ஒட்ட பீஸுக்கு 45 சென்ட், தாமதத்துக்கு இன்வாய்ஸ் தொகையான 36,158 யூரோவில் 5 சதவீதத் தள்ளுபடி, நிர்வாகக் கட்டணம் 500 யூரோ. மொத்தம் ஏறக்குறைய 7,557 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் 'கம்பெனி பேர் கெட்டதற்கு' என்று கிட்டத்தட்ட இரண்டு லட்சம் சேர்த்து, ஒன்பதரை லட்சத்தை இவர் கட்ட வேண்டும் என்கிறார்கள்.

அன்று இரவு ஒன்பது மணி வரை ஜி.எம். அறையில் உட்கார வைத்து, ஹெச்.ஆர். சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார்கள்: 'என் கவனக்குறைவால் ஏற்பட்ட ஒன்பதரை லட்சம் நஷ்டத்தை முழுமையாகத் திருப்பித் தர சம்மதிக்கிறேன்.' மறுநாள் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு வெற்றுக் காசோலைகள். அசல் சான்றிதழ்கள் சேர்ந்த நாளிலிருந்தே அவர்களிடம். போன மாதச் சம்பளம் வரவில்லை. பணம் வராவிட்டால் மோசடி வழக்கு, பி.எஃப். பணமும் கிடைக்காது, ரிலீவிங் லெட்டரும் தரமாட்டோம் என்கிறார்கள். விசைத்தறி ஓட்டும் அப்பாவை, வீட்டுப் பத்திரத்தோடு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். 'கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன் மேடம், இனி கட்டித்தானே ஆகணும்? லேப்டாப்பில் அந்த ஃபைலை அழிச்சுட்டா ஆதாரம் இருக்காதுன்னு தோழி சொல்றா. அழிக்கலாமா?'

இனி உங்களோடு பேசுகிறேன்.

முதலில் நகையைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரம் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். உங்கள் அப்பாவுக்கும் இந்தக் கம்பெனிக்கும் சட்டப்படி எந்த உறவும் இல்லை. 24 வயது மகளின் வேலையில் நடந்த பிழைக்கு அப்பா ஒரு ரூபாய்கூடப் பொறுப்பல்ல. ஆனால் அவராகப் போய் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதிலும் பதிவு அலுவலகம் வரை போய்விட்டால், அதை உடைக்க வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டும். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து என்றாலும் இதே கதைதான். உங்கள் கடிதத்தில் எனக்குப் பதற்றம் தந்த ஒரே விஷயம் இது. மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

தவறு நடந்தது உண்மை. அதை மழுப்பவேண்டாம். சார்ட் கொடுக்கும்போது வந்த கேள்வியைப் படிக்காமல் அழுத்தியது நீங்கள்தான், இதை எந்த நீதிமன்றத்திலும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வேலையில் பிழை செய்ததால் அந்த நஷ்டம் முழுதும் உங்கள் கடனாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் குழப்பம். வியாபாரத்தில் லாபம் வந்த வருடங்களில் உங்களுக்கு 22,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். நஷ்டம் வந்த ஒரு ஷிப்மென்டில் மட்டும் உங்களைப் பங்குதாரர் ஆக்க முடியாது.

இது உலகத்தில் முதல் எக்செல் தவறும் இல்லை. 2003-ல் கனடாவின் ட்ரான்ஸ்ஆல்டா என்ற மின் நிறுவனம், ஒரு ஷீட்டில் வெட்டி ஒட்டும்போது வரிகள் இடம் மாறியதால், தேவைக்கு மேல் ஒப்பந்தங்களை அதிக விலைக்கு வாங்கி 2.4 கோடி டாலர் இழந்தது. 2005 டிசம்பரில் ஜப்பானின் மிசுஹோ செக்யூரிட்டீஸில், ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்பதற்குப் பதில் 6,10,000 பங்குகளைத் தலா ஒரு யென்னுக்கு விற்பதாகத் தட்டிவிட்டார்கள். நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். மிசுஹோ வழக்குப் போட்டது டோக்கியோ பங்குச் சந்தை மீது. தவறான ஆர்டரை ரத்து செய்ய முயன்றும் அவர்களுடைய மென்பொருள் ஏற்கவில்லை என்பது புகார். 2009-ல் நீதிமன்றம் சுமார் 1,070 கோடி யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நடுவில் தவறைப் பிடித்திருக்க வேண்டிய ஏற்பாடு ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது. உங்கள் விஷயத்திலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

1936-ம் வருட சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இதற்குப் பதில் இருந்தது. அதன் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் 2019-ம் வருட ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே பதில்தான். நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்கு இரண்டே சந்தர்ப்பங்கள். உங்கள் பாதுகாப்பில் என்று வெளிப்படையாக ஒப்படைத்த சரக்கு சேதமாகவோ காணாமலோ போக வேண்டும், அல்லது நீங்கள் கணக்குக் காட்ட வேண்டிய பணம் குறைய வேண்டும். அதுவும் உங்கள் அலட்சியத்தால் நேரடியாக விளைந்ததாக இருக்க வேண்டும். ஸ்டோர் கீப்பர், கேஷியர் போன்றவர்களை மனதில் வைத்து எழுதியது இது. பார்கோடு ஷீட்டில் நடந்த பிழை இந்த இரண்டிலும் வராது என்பது என் கருத்து. வரும் என்று கம்பெனி வக்கீல் வாதாடினாலும், பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அபராதம் என்று பெயர் மாற்றினால் இன்னும் குறைவு, 3 சதவீதம்தான் உச்சம்.

முழுச் சம்பளத்தையும் நிறுத்தி வைக்க எந்த வழியும் இல்லை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வந்தாக வேண்டும். நீங்கள் ராஜினாமா செய்தாலோ அவர்கள் நீக்கினாலோ, புதிய சட்டப்படி இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கி முழுவதும் தர வேண்டும். தராவிட்டால் அதற்கான அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு. பாக்கியோடு சேர்த்து, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. பத்து மடங்கு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஆனால் இந்த ஒரு வரி நோட்டீஸில் இருந்தால் அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு உடனே ஞாபகம் வரும்.

அப்படியானால் கம்பெனி உங்கள் மீது வழக்கே போட முடியாதா என்றால், முடியும். ஊழியரின் கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு சிவில் வழக்கு தொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. 1957-ல் இங்கிலாந்தில், லாரியைப் பின்னால் எடுக்கும்போது சக ஊழியரை, அதுவும் சொந்த அப்பாவையே, இடித்துவிட்ட ஓட்டுநரிடமிருந்து, கம்பெனிக்காக இழப்பீடு கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனம் அதைக் கம்பெனி பெயரில் வசூலிக்கலாம் என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புக் கொடுத்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பில், இனி இப்படி ஊழியர்கள் மேல் பாய்வதில்லை என்று இன்சூரன்ஸ் நிறுவனங்களே தங்களுக்குள் பேசி முடிவெடுத்தன. இங்கே வழக்குப் போட்டால் கம்பெனி தமிழ்நாட்டில் 3 சதவீத நீதிமன்றக் கட்டணம், அதாவது 28,500 ரூபாய் கட்டி, நஷ்டத்தின் ஒவ்வொரு ரூபாயையும் உங்கள் செயலோடு முடிச்சுப் போட்டு நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபிப்பது எளிதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். உங்களை ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார வைத்துக் கடிதம் வாங்கியதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஒன்பதரை லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால்

பதட்டத்தில் நீங்கள் தொகையை மட்டும் பார்க்கிறீர்கள். டெபிட் நோட்டை வரிவரியாகப் பாருங்கள்.

ஸ்டிக்கர் வேலைக்கு 5,249 யூரோ. 11,664 பீஸும் தவறு என்பது இதற்கு அடிப்படை. நாலைந்து சைஸ் மட்டுமே இருக்கும் லிஸ்ட்டில் ஒரு பத்தி கலைந்தாலும், சில வரிகள் தற்செயலாகச் சரியான இடத்திலேயே விழும். எத்தனை பீஸ் தவறாகக் காட்டியது, எத்தனைக்கு உண்மையில் ஸ்டிக்கர் மாற்றினார்கள் என்பதற்கு ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். அதைக் கம்பெனி கேட்டு வாங்கியதா? இல்லை, வந்த தொகையை அப்படியே உங்கள் தலையில் இறக்கிவிட்டார்களா? டெபிட் நோட் வந்தால் பேசிக் குறைப்பது இந்தத் தொழிலில் தினமும் நடக்கிற சமாச்சாரம். உங்கள் ஜி.எம்.முக்கு அது தெரியாமல் இருக்காது.

தள்ளுபடி 5 சதவீதம், சுமார் 1,808 யூரோ. கடிதத்தில் அரை வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்: டையிங்கில் எட்டு நாள் தாமதம். பையர் தள்ளுபடி கேட்பது தாமதத்துக்கு. அதில் ஸ்டிக்கர் மாற்ற எத்தனை நாள் ஆனது, கன்டெய்னர் கிளம்பும் முன்பே எத்தனை நாள் போயிருந்தது என்று பிரித்தாக வேண்டும். இந்தத் தள்ளுபடி, பார்கோடு பிழையே நடக்காவிட்டாலும் வந்திருக்கக்கூடியது.

இரண்டாவது அரை வரி, பழுதான ஸ்கேனர். இது இன்னும் முக்கியம். ஜூனியர் ஒருவர் தட்டிய ஷீட் யார் சரிபார்த்த பிறகு அச்சுக்குப் போனது? பேக்கிங் லிஸ்ட்டில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் யார் கையெழுத்து இருக்கிறது? ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் க்யூ.சி. (தரம் பார்ப்பவர்) எத்தனை கார்ட்டனைத் திறந்தார், ஒரு பாலிபேக்கையாவது எடுத்து, காலர் லேபிளில் இருக்கிற சைஸையும் ஸ்டிக்கரில் இருக்கிற சைஸையும் ஒப்பிட்டாரா? அதற்கு ஸ்கேனர்கூட வேண்டாம், பார்கோடு படிக்கும் செயலி உள்ள ஒரு போன் போதும். 486 கார்ட்டனில் ஒன்றில் இதைச் செய்திருந்தால் சரக்கு திருப்பூரிலேயே நின்றிருக்கும், ஸ்டிக்கர் செலவும் இங்கத்திய கூலியில் முடிந்திருக்கும். சில ஆயிரம் ரூபாய் போட்டு ஒரு ஸ்கேனரை மூன்று வாரமாகச் சரிசெய்யாதது நிர்வாகத்தின் முடிவு. அந்த முடிவின் விலையை உங்களிடம் கேட்கிறார்கள்.

'பேர் கெட்டதற்கு' என்று சேர்த்த இரண்டு லட்சத்துக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். தொலைவான, மறைமுகமான நஷ்டத்துக்கு இழப்பீடு கிடையாது என்று 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவே சொல்கிறது. நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

இன்னொன்று, டெபிட் நோட் தொகையை வியாபார நஷ்டமாகக் கணக்கில் எழுதினால் கம்பெனி வரி கட்ட வேண்டிய லாபம் அந்த அளவுக்குக் குறையும். ஒரு கையால் அதை எழுதிக்கொண்டு மறுகையால் உங்களிடம் ரொக்கமாக வாங்கினால், அந்த ரொக்கம் எந்தக் கணக்கில் போகிறது? 'எனக்கு ரசீது தருவீர்களா, என்ன தலைப்பில்?' என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கே பேச்சின் வேகம் குறையும்.

எழுதிக் கொடுத்த கடிதமும் வெற்றுக் காசோலையும்

கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்பது பலருக்கும் இருக்கிற தவறான எண்ணம். சம்பளமும் சான்றிதழும் யார் கையில் இருக்கிறதோ, அவர் தன் பிடியைப் பயன்படுத்தி வாங்கும் ஒப்புதலை, தகாத செல்வாக்கால் பெற்றது என்று சொல்லி ரத்து செய்ய ஒப்பந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் தானாக ரத்தாகாது. நீங்கள் சொல்ல வேண்டும், தாமதிக்காமல் சொல்ல வேண்டும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் 'மிரட்டி வாங்கினார்கள்' என்றால் நீதிபதி முகத்தில் சந்தேகம்தான் வரும்.

ஆகவே இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். கோபமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: 'குறிப்பிட்ட தேதியில் நான் எழுதிக் கொடுத்த கடிதம், இரவு ஒன்பது மணி வரை அலுவலகத்தில் இருக்க வைக்கப்பட்டு, வாசகங்கள் சொல்லப்பட்டு எழுதியது. என் சுய விருப்பத்தில் எழுதியதல்ல. ஷீட்டில் நடந்த பிழையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் கண்ட தொகையையோ அதற்கான பொறுப்பையோ நான் ஏற்கவில்லை. தொகை நிரப்பாமல் வாங்கப்பட்ட இன்னின்ன எண்ணுள்ள காசோலைகள் எந்தக் கடனுக்காகவும் தரப்பட்டவை அல்ல. அவற்றையும் என் அசல் சான்றிதழ்களையும் நிலுவைச் சம்பளத்தையும் ஏழு நாட்களுக்குள் தரவும்.' இதை ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அதையே மெயிலிலும் போட்டுவிடுங்கள். முடிந்தால் வக்கீல் ஒருவர் பார்த்துத் திருத்திய பிறகு அனுப்பலாம்.

காசோலை விஷயத்தில் மட்டும் நான் உங்களுக்குச் சமாதானம் சொல்லப்போவதில்லை, இதில் ஆபத்து உண்டு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையில் வேறொருவர் தொகையை நிரப்பினாலும், அது கடனுக்காகத் தரப்பட்டது என்ற சட்ட அனுமானம் வரும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கியில் பணம் தராதே என்று நிறுத்தி வைத்தால் தப்பித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி நிறுத்தியதற்கும் காசோலை மோசடி வழக்கு வரலாம். உங்களுக்குப் பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அனுமானத்தை உடைக்க முடியும், அதற்கு முன்கூட்டியே அனுப்பிய கடிதம் நல்ல ஆதாரம். காசோலை திரும்பி, அவர்கள் நோட்டீஸ் அனுப்பினால், கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் கணக்கு ஓடும். அதற்குள் வக்கீல் மூலம் பதில் போயே ஆக வேண்டும். நோட்டீஸ் வந்தால் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவது உதவாது. வீட்டில் அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

போலீஸ் பயமும் அந்த ஃபைலும்

மோசடி, நம்பிக்கைத் துரோகம் ஆகிய குற்றங்கள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 316-வது பிரிவுகளில் இருக்கின்றன. இரண்டுக்கும் நேர்மையற்ற எண்ணம் அடிப்படை. சைஸ் பத்தியைத் தப்பாக சார்ட் செய்ததில் உங்களுக்கு ஒரு ரூபாய் லாபமும் இல்லை, அப்படி ஒரு எண்ணம் இருந்தது என்று யாராலும் காட்ட முடியாது. புகார் கொடுத்தால் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரலாம். வந்தால் வக்கீலோடு போங்கள். பணம் வசூலித்துத் தருவது போலீஸ் வேலை இல்லை. அங்கே வைத்து எதையாவது எழுதித் தரச் சொன்னால், வக்கீலைக் கேட்காமல் எழுத மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் உங்கள் தோழி சொன்ன யோசனைப்படி நடந்தால் நிலைமை தலைகீழாகும். கம்பெனி லேப்டாப்பில் இருக்கும் தகவலை அனுமதியில்லாமல் அழிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் வருகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இப்போது உங்கள் மீது இல்லாத அந்த நோக்கத்தை நீங்களே உருவாக்கிக் கொடுத்ததாகிவிடும். பலனும் கிடையாது. அந்த ஷீட் ஸ்டிக்கர் அச்சடித்தவருக்கு மெயிலில் போயிருக்கும், ஜி.எம். இன்பாக்ஸில் இருக்கும், பேக்கிங் சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்பில் இருக்கும். யோசித்துப் பார்த்தால் அந்த ஃபைல் உங்களுக்குத்தான் வேண்டும். எத்தனை மணிக்கு அவசரமாகக் கேட்டார்கள், எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள், அதற்கு மேல் யார் 'ஓகே' போட்டார்கள் என்பதெல்லாம் அந்த மெயில் தொடரில் இருக்கிறது.

அதற்காக ஃபைல்களைப் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு வரவும் வேண்டாம். பையர் விலை, காஸ்டிங் ஷீட் போன்றவை உங்களிடம் இருந்தால் அது தனிப் பிரச்சினையாகும். டெபிட் நோட்டின் நகலும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டும் வேண்டும் என்று மெயிலில் கேளுங்கள். கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டால் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும். உங்கள் போனுக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். ஸ்கேனர் எப்போது பழுதானது, அதைப் பற்றி யார் யாரிடம் சொன்னார்கள் என்பதையெல்லாம் தேதி வாரியாக ஒரு நோட்டில் இன்றைக்கே எழுதிவிடுங்கள். இன்னும் இரண்டு மாதத்தில் பாதி மறந்துபோகும்.

பி.எஃப்., சான்றிதழ், அடுத்த வேலை

பி.எஃப். பற்றிச் சொன்னது வெறும் மிரட்டல். அது உங்கள் யு.ஏ.என். (உங்கள் பெயரிலான பி.எஃப். எண்) கணக்கில் இருக்கிறது. சட்டப்படி, கடனுக்காக அதை நீதிமன்றமே ஜப்தி செய்ய முடியாது. இவர்கள் எம்மாத்திரம். அசல் சான்றிதழ்களைப் பணயமாக வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. ஒப்புதல் ரசீது தராமல் வாங்கியிருந்தால், அவை அவர்களிடம் இருப்பதை மெயிலில் எழுதிக் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

ரிலீவிங் லெட்டர் இல்லாவிட்டால் வாழ்க்கையே போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், யு.ஏ.என். சேவை விவரம் ஆகியவையே இரண்டு வருட அனுபவத்தைக் காட்டும். நிஜத்தில் திருப்பூரில் வேலை கிடைப்பதும் கிடைக்காததும் லெட்டரை விட, 'அந்தப் பொண்ணு எப்படிங்க?' என்று ஒருவருக்கொருவர் போனில் கேட்பதைப் பொறுத்தது. அதற்காகவாவது, வேலையை விடுவதாக இருந்தால் பாதியில் காணாமல் போகாதீர்கள். நோட்டீஸ் கொடுத்து, கையிலுள்ள ஆர்டர்களை எழுத்தில் ஒப்படைத்துவிட்டு வெளியே வாருங்கள். புதிய இடத்தில் கேட்டால் நடந்ததைச் சொல்லலாம். இந்தத் தொழிலில் ஒரு டெபிட் நோட்டாவது பார்க்காத மெர்ச்சண்டைசரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வேலையில் தொடர விரும்பினால் அதற்கும் வழி இல்லாமல் இல்லை. முதலாளியிடம் நேரில், ஜி.எம்.மையும் ஹெச்.ஆரையும் தாண்டி, ஒருமுறை பேசிப் பாருங்கள். பல இடங்களில் டெபிட் நோட்டுக்கு யாரையாவது பலி காட்ட வேண்டிய அவசரம் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். சமரசமாகப் போகத்தான் தோன்றுகிறது என்றால், ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகும் எதையும் நான் ஏற்கச் சொல்ல மாட்டேன், அதுவும் சட்டப்படி நீங்கள் தர வேண்டிய பணம் அல்ல. தந்தால், அதே அமர்வில் இரண்டு காசோலைகளும் சான்றிதழ்களும் அந்தக் கடிதத்தின் அசலும் உங்கள் கைக்கு வர வேண்டும், 'இரு தரப்புக்கும் இனிப் பாக்கி இல்லை' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுத்து வர வேண்டும். நாளைக்குத் தருகிறோம் என்றால் பணமும் நாளைக்கு.

அடுத்த வார சந்திப்புக்கு அப்பா போக வேண்டாம். நீங்கள் ஒரு வக்கீலோடு, அலுவலக நேரத்தில் போங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இலவச சட்ட உதவிக்கு வருமானம் பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பீர்கள், பெண்களுக்கு அந்த வரம்பே கிடையாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு திருப்பூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பளம் வராததைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட், காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், அவர்கள் சொல்லி எழுதிய கடிதத்தை போட்டோ எடுத்திருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தேதி போட்ட அந்த நோட்டையும்.